ஊசிக்கு முந்திய எட்டு வாரம்

வாசகி கேள்வி:

எங்கள் வீடு புக்கிட் மெர்தாஜாமில். மகனுக்கு 17 வயது, எடை 52 கிலோ. பிறந்தபோது தொப்புள்கொடி விழவே ஒன்றரை மாதம் ஆனது. சிறு வயதிலிருந்து காது, தோல் என்று மாறி மாறிக் கிருமித்தொற்று. ஆனால் சீழ் வைத்து நான் பார்த்ததே இல்லை. ஈறு எப்போதும் சிவந்து ரத்தம் கசியும். ஐந்து பல் விழுந்துவிட்டது. முதுகுத்தண்டு முடியும் இடத்தில் ஒரு புண் 14 மாதமாக ஆறவில்லை. போன வருடம்தான் எல்ஏடி-1 என்று நோய்க்குப் பெயர் சொன்னார்கள். வெள்ளணு 28, சிடி18 எட்டு விழுக்காடு என்று தாளில் இருக்கிறது. இப்போது டாக்டர், சொரியாசிஸுக்குப் போடும் உஸ்டெகினுமாப் ஊசியை இவனுக்கு முயன்று பார்க்கலாம், அமெரிக்காவில் பார்த்திருக்கிறார்கள் என்கிறார். எதிர்ப்புச் சக்தியே இல்லாத பிள்ளைக்கு, இருப்பதையும் அடக்கும் ஊசியா? என் அண்ணன், “பிள்ளையைச் சோதனை எலி ஆக்கப் பார்க்கிறார்கள்” என்கிறார். கணவரோ, தனியார் மருத்துவமனையில் காசு கொடுத்து உடனே போட்டுவிடலாம் என்கிறார். இன்னொன்றும் கேட்க வேண்டும். நானும் கணவரும் மாமன் மகள், அத்தை மகன். 20 வயது மகளை என் தம்பிக்கே கேட்கிறார்கள். என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரி, உங்கள் பயம் நியாயமானது. ஆனால் “எதிர்ப்புச் சக்தியே இல்லை” என்பது உங்கள் மகனின் நிலையைச் சரியாகச் சொல்லவில்லை. வெள்ளணு 28 என்றால், ஒரு லிட்டர் ரத்தத்தில் 28 நூறு கோடி. பழைய கணக்கில் 28,000. மற்றவர்களுக்கு அது 4 முதல் 11 வரை இருக்கும். ஆக, அவனுக்கு வெள்ளணுக்களுக்குப் பஞ்சமில்லை. அவை ரத்தக்குழாயை விட்டு வெளியே வர முடியவில்லை, அவ்வளவுதான். எல்ஏடி-1 என்ற பிறவி நோய் இதுதான். குழாயின் உட்சுவரைப் பற்றிக்கொள்ள அவற்றுக்கு ஒரு பிடி வேண்டும். அந்தப் பிடியின் ஒரு பாதிதான் சிடி18. அதைச் செய்யும் ஐடிஜிபி2 என்ற மரபணு 21ஆம் குரோமோசோமில் இருக்கிறது. பட்டர்வொர்த் பெர்ரி கரையைத் தொட்டும் பலகை இறங்காவிட்டால் எப்படி? பயணிகள் நிரம்பி வழிவார்கள், ஜெட்டியில் ஓர் ஆளும் இருக்காது. புண்ணில் சீழ் இல்லாததும் இதனால்தான். சீழ் என்பதே அங்கு வந்து செத்த வெள்ளணுக்கள்.

இதன் அடுத்த கட்டத்தில்தான் இந்த ஊசிக்கு வேலை வருகிறது. நமக்கெல்லாம் நியூட்ரோபில் என்னும் வெள்ளணு திசுவுக்குள் இறங்கி, வேலை முடிந்து சாகிறது. அங்கிருக்கும் மேக்ரோஃபேஜ் அதை விழுங்குகிறது. விழுங்கியதும் அது இன்டர்லூகின்-23 என்ற சமிக்ஞையைக் குறைத்துக்கொள்கிறது: “ஆள் வந்தாயிற்று, போதும்” என்பது போல. உங்கள் மகனின் ஈறில் ஆள் வருவதே இல்லை. ஆகவே “போதும்” என்ற சொல்லும் வருவதில்லை. இன்டர்லூகின்-23 ஓயாமல் சுரக்கிறது, அது இன்டர்லூகின்-17ஐத் தூண்டுகிறது, அதன் தூண்டலில் எலும்பு மச்சை இன்னும் இன்னும் வெள்ளணுக்களை உற்பத்தி செய்கிறது. அந்த 28 இப்படித்தான் வந்தது. ஈறு வெந்து, பல்லைத் தாங்கும் எலும்பு கரைவதும் இந்தச் சுற்றில்தான். கிருமிதான் ஈறைத் தின்கிறது என்றே நெடுங்காலம் நினைத்தார்கள். 2014இல் அமெரிக்கத் தேசியப் பல், முக ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், இந்நோயாளிகளின் ஈறுத் திசுவில் இன்டர்லூகின்-17 மிகுந்திருப்பதைக் காட்டினார்கள். இதே குறையுள்ள எலிகளில் அந்தச் சுற்றைத் தடுத்தபோது எலும்பு கரைவது நின்றது.

உஸ்டெகினுமாப் இன்டர்லூகின்-12, இன்டர்லூகின்-23 இரண்டுக்கும் பொதுவான பி40 என்ற பகுதியைப் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்பொருள். ஸ்டெலாரா என்ற பெயரில் 2009இல் சொரியாசிஸுக்கும் 2016இல் கிரோன் குடல் நோய்க்கும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எல்ஏடி-1 உள்ள ஓர் இளைஞருக்கு, ஆறாத ஈறு நோயும் ஆறாத புண்ணும் இருந்த நிலையில், இதைக் கொடுத்து ஓராண்டு பார்த்தார்கள். அழற்சிப் புண்கள் அடங்கின, கடுமையான தொற்று எதுவும் வரவில்லை என்று 2017இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதினார்கள். உங்கள் டாக்டர் சொன்னது இதுவாகத்தான் இருக்கும். அதன்பின் சில நோயாளிகளை வைத்து முறையான ஆய்வும் தொடங்கினார்கள்.

ஒருவர் தேறினார் என்றால் அப்படியொரு வழி உண்டு என்று அர்த்தம். உங்கள் மகனும் தேறுவான் என்று அர்த்தமில்லை. தேறியவரைப் பற்றித்தான் எழுதுவார்கள். தேறாதவரின் கோப்பு அலமாரியிலேயே இருந்துவிடும். இன்னொன்றும் உண்டு. “பழகிய மருந்து, ஆயிரக்கணக்கானோருக்குப் போட்டது, பயமில்லை” என்று யாராவது சொன்னால், அந்த ஆயிரக்கணக்கானோரின் வெள்ளணுக்கள் ஒழுங்காக இறங்கி வேலை செய்பவை என்று நினைத்துக்கொள்ளுங்கள். மருந்தின் ஒவ்வாமை, அளவு, உடலில் தங்கும் காலம் எல்லாம் தெரிந்த கணக்கு. எல்ஏடி-1 உள்ள உடலில் தொற்று எப்படி இருக்கும் என்பது அந்தக் கணக்கில் இல்லை.

இனி உங்கள் அண்ணனுக்கும் கணவருக்கும். இந்த ஊசி மூன்று வழியில் கிடைக்கலாம். எந்த வழி என்பதை டாக்டரிடம் முதலில் கேளுங்கள். வீட்டில் நடக்கும் வாக்குவாதம் பாதி அதிலேயே தீர்ந்துவிடும்.

ஒன்று, ஆய்வு. மலேசியாவில் சுகாதார அமைச்சின் மருத்துவமனையில் ஆய்வு என்றால், தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அதற்கு ஓர் எண் இருக்க வேண்டும். அமைச்சின் மருத்துவ ஆய்வு, நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்திருக்க வேண்டும். பல்கலைக்கழக மருத்துவமனை என்றால் அதற்கென்று தனி நெறிமுறைக் குழு உண்டு. தகவல் தாளின் முதல் பக்கத்திலேயே எண்ணும் குழுவின் பெயரும் இருக்கும். இல்லையென்றால் கையெழுத்து வேண்டாம். மருந்துக்கு யார் செலவு, ஆய்வால் தீங்கு நேர்ந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது என்ற இரண்டும் அந்தத் தாளில் எழுத்தில் இருக்க வேண்டும். தமிழில் வேண்டும் என்று கேட்கலாம். கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. இங்கே 18 வயது நிரம்பும் வரை பெற்றோர் கையெழுத்து; ஆனால் 17 வயதுப் பையனின் இசைவையும் தனியே கேட்பார்கள். நடுவில் 18 ஆனால் அவனே மறுபடி கையெழுத்திட வேண்டும். அவன் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். வழக்கமான சிகிச்சை அதனால் நிற்காது. சோதனை எலிக்கு இந்த உரிமை ஏது என்று அண்ணனிடம் கேளுங்கள்.

இரண்டாவது, ஆய்வு இல்லாமல், பதிவான மருந்தைப் பதிவில் இல்லாத நோய்க்குக் கொடுப்பது. அரசாங்க மருத்துவமனையில் இதற்குச் சுகாதாரத் தலைமை இயக்குநரின் சிறப்பு அனுமதி வேண்டும். மருத்துவரும் மருந்தகமும் சேர்ந்து, உங்கள் மகனின் பெயரிலேயே விண்ணப்பிப்பார்கள். அனுமதி ஒரு குறிப்பிட்ட காலத்துக்குத்தான். நீட்டிக்கக் கேட்கும்போது “பலன் என்ன?” என்ற கேள்வி வரும். உங்கள் டாக்டர் நினைப்பது பெரும்பாலும் இந்த வழியாக இருக்கும். எல்ஏடி-1 பத்து லட்சம் பேரில் ஒருவருக்கு வருவதாக மதிப்பிடப்படும் நோய். இந்நாட்டில் அதற்கென்று ஓர் ஆய்வு நடத்த ஆள் சேர்ப்பதே கடினம்.

மூன்றாவது, கணவர் சொல்லும் வழி. சட்டப்படி குற்றமில்லை. ஆனால் இது ஒரே ஊசியோடு முடிவதில்லை: முதல் நாள், நான்காம் வாரம், பிறகு 12 வாரத்துக்கு ஒன்று என்று போகும். காசு தீர்ந்து இரண்டாவது ஊசியோடு நின்றால், மருந்து வேலை செய்யவில்லையா, வேலை செய்ய நேரம் தரவில்லையா என்றே தெரியாமல் போகும். மருத்துவக் காப்புறுதியை நம்பி இறங்குவதாக இருந்தால் பத்திரத்தில் பிறவிக் கோளாறுகள் பற்றிய விதிவிலக்கை முதலில் படியுங்கள். அவசரத்தில் போடும் ஊசியில் எனக்குப் பெரிய வருத்தம் காசு அல்ல, அளந்து வைக்காமல் போட்டுவிடுவதுதான்.

அதனால் டாக்டரிடம் என் சார்பில் ஒன்றே ஒன்று கேளுங்கள்: முதல் ஊசிக்கு முன் எட்டு வாரம். இந்த மருந்து உங்கள் மகனுக்கு உதவியதா இல்லையா என்பதை முடிவு செய்யப்போவது அந்த எட்டு வாரத்தில் எழுதி வைக்கும் எண்கள்தான். ஒப்பிட வேறு நோயாளி கிடையாது, மருந்தில்லா ஊசி போட்டுப் பார்க்கும் எதிர்த்தரப்பும் கிடையாது. நேற்றைய அவனையும் நாளைய அவனையும்தான் ஒப்பிட முடியும். நேற்றைய அவனை யாரும் அளக்கவில்லை என்றால் நாளை எல்லாருமே ஊகித்துக்கொண்டிருப்போம். இந்நோய் தானாகவே ஏறி இறங்கும். மிக மோசமான வாரத்தில்தான் “ஊசி போடலாம்” என்ற பேச்சே வரும். அடுத்த மாதம் அது சும்மா இருந்தாலும் கொஞ்சம் இறங்கியிருக்கும். அந்த இறக்கத்தை மருந்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

முதலில் பல். எட்டு வாரத்தின் தொடக்கத்திலேயே ஈறு நிபுணரிடம் பல் சுத்தம் செய்துவிடுங்கள். ஊசி போடும் வாரத்தில் அல்ல. சுத்தம் செய்தாலே யாருக்கும் ரத்தக் கசிவு குறையும். அது முழுதாகத் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். இரண்டையும் ஒரே வாரத்தில் செய்துவிட்டு ஊசியைப் புகழ்வது, பால் பொங்கியதற்கு அடுப்பை விட்டுவிட்டுக் கரண்டியைப் பாராட்டுவது போல. எட்டாம் வாரம், அதே மருத்துவர், மில்லிமீட்டர் கோடு போட்ட ஆய்வுக்கோலால் ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடத்தில் ஈறுப் பையின் ஆழத்தை அளப்பார். ஞானப்பல்லை விட்டு 28 பல். ஐந்து போக 23. ஆக 138 எண்கள். ஆழம் 3 மில்லிமீட்டர் வரை இருந்தால் ஆரோக்கியம் என்பார்கள். அந்த 138இல் எத்தனை இடத்தில் 3ஐத் தாண்டுகிறது, எத்தனை இடத்தில் தொட்டதும் ரத்தம் வருகிறது, எந்தப் பல் எந்த அளவு ஆடுகிறது, முழு வாய் எக்ஸ்ரே, இவ்வளவும் வேண்டும். இரண்டு பேர் அளந்தால் ஒருவர் கோலை அழுத்துவார், ஒருவர் அழுத்தமாட்டார். ஒரு மில்லிமீட்டர் அங்கேயே மாறிவிடும். அதனால்தான் ஒரே கை என்கிறேன். பினாங்கில் உங்களுக்கு ஒரு வசதி உண்டு: கெப்பாலா பத்தாஸ், பெர்தாமில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் உயர்நிலை மருத்துவ, பல் மருத்துவக் கழகத்தில் இரு துறையும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. அங்கே அனுப்ப முடியுமா என்று டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

அடுத்து புண். நீளம், அகலம், ஆழம் மூன்றையும் சென்டிமீட்டரில், வாரம் ஒரு முறை, புண் கட்டும் தாதியின் கையால். பக்கத்தில் தாள் அளவுகோல் வைத்து, அதே வெளிச்சத்தில், அதே தூரத்தில், அதே மாதிரி படுக்கவைத்து ஒரு படம். வளைந்து படுத்தால் இடுப்புப் புண் இழுபட்டு நீளமாகத் தெரியும். நேராகப் படுத்தால் சுருங்கும். எடுத்துக்காட்டாக 4.2க்கு 3.1 என்றால் ஏறக்குறைய 13 சதுர சென்டிமீட்டர். இப்படி எட்டு எண்கள் கையில் இருந்தால்தான் அது தேங்கி நிற்கிறதா, வளர்கிறதா, தானே சுருங்குகிறதா என்று தெரியும். 14 மாதப் புண் என்பதால், இதுவரை எடுக்கவில்லையென்றால் ஓரத்திலிருந்து ஒரு துண்டு எடுத்துத் திசு ஆய்வும், காசநோய்க் கிருமி, பூஞ்சை, மண்ணிலிருந்து தொற்றும் மெலியோய்டோசிஸ் கிருமி ஆகியவற்றுக்கான வளர்ப்பும் பார்க்கச் சொல்லுங்கள். மேலே பஞ்சால் துடைத்தெடுத்த மாதிரி போதாது. மேற்பரப்பில் குடியிருப்பதெல்லாம் குற்றவாளி ஆகிவிடாது. இந்தப் புண் அழற்சியால் ஆறாமல் இருக்கிறதா, தொற்றால் ஆறாமல் இருக்கிறதா என்பதைத் தீர்த்துக்கொள்ளாமல் இந்த ஊசியைத் தொடக் கூடாது. முதலாவது என்றால் ஊசியே மருந்து. இரண்டாவது என்றால் ஊசியே வினை.

எட்டு வாரமும் மற்றதெல்லாம் அசையாமல் இருக்கட்டும். அன்றாடம் சாப்பிடும் தடுப்பு ஆன்டிபயாட்டிக் எதுவோ அதுவே தொடரட்டும். அளவு மாறினாலும் தேதி எழுதுங்கள். டாக்சிசைக்ளின் போன்ற மருந்து கிருமியைக் கொல்வதோடு ஈறைக் கரைக்கும் நொதியையும் அடக்கும். அதை நடுவில் சேர்த்தால் கணக்கு குழம்பும். அழுத்தம் குறைக்கும் மெத்தை, இருக்கை வாங்குவதாக இருந்தால் இப்போதே வாங்குங்கள். ஊசி போட்ட வாரம் வாங்காதீர்கள். வகுப்பில் எத்தனை மணி நேரம் உட்காருகிறான் என்பதும் புண்ணுக்கு மருந்து மாதிரிதான். பள்ளி விடுமுறையில் புண் சுருங்கிப் பள்ளி திறந்ததும் விரியும். முடிந்தால் அந்த எட்டு வாரம் முழுதும் பள்ளி நாளாகவே அமையட்டும்.

அதே வேளையில் மறைந்திருக்கும் தொற்றைத் தேட வேண்டும். இன்டர்லூகின்-12 அடைபடும்போது உடல் பலவீனப்படுவது குறிப்பாக இரண்டு வகைக் கிருமிகளிடம்: காசநோய்க் குடும்பம், உணவு வழி வரும் சால்மோனெல்லா. பிறவியிலேயே இந்தச் சமிக்ஞை இல்லாதவர்களுக்கு வரும் தொற்றுகளும் இவையே. நெஞ்சு எக்ஸ்ரேயும், குவான்டிஃபெரான் போன்ற ரத்தப் பரிசோதனையும் வேண்டும். தோலில் போடும் மாண்டூ பரிசோதனையை மட்டும் நம்பாதீர்கள். அது வீங்க அணுக்கள் ரத்தத்திலிருந்து தோலுக்கு வர வேண்டும். அந்த வருகைதான் இங்கே கோளாறு. வீங்கவில்லை என்பதால் காசநோய் இல்லை என்றாகாது. குவான்டிஃபெரானுக்கு எடுத்த ரத்தத்தை 16 மணி நேரத்துக்குள் ஆய்வுக்கூடம் சூட்டுப்பெட்டியில் வைக்க வேண்டும். ஆகவே காலையில், வார நாளில், வெள்ளிக்கிழமை மாலை தவிர்த்து எடுங்கள். “தீர்மானிக்க முடியவில்லை” என்று வந்தால் மறுபடி எடுக்க வேண்டும். அதை “இல்லை” என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். உறங்கும் காசநோய் இருப்பது தெரிந்தால் தடுப்பு மருந்தை ஒரு மாதமாவது உட்கொண்ட பிறகே ஊசி. ஹெப்படைட்டிஸ் பி, எச்ஐவி, கல்லீரல் பரிசோதனைகளும் வழக்கமானவை. பிறந்தபோது போட்ட பிசிஜி தழும்பையும் அக்குளையும் டாக்டர் ஒரு முறை தொட்டுப் பார்க்கட்டும்.

விடுபட்ட உயிரற்ற தடுப்பூசிகளை இந்த எட்டு வாரத்தில் முடியுங்கள். உயிருள்ள தடுப்பூசி இவனுக்கு ஊசிக்கு முன்னும் கூடாது, பின்னும் கூடாது: தட்டம்மை வகை, சின்னம்மை, பிசிஜி, வாய்வழி டைஃபாய்டு. சளிக்காய்ச்சல் ஊசி போடலாம்.

அளவு பற்றி. எல்ஏடி-1க்கென்று மருந்துத் தாளில் அச்சிட்ட அளவு கிடையாது. சொரியாசிஸ் கணக்கில் 60 கிலோவுக்குக் குறைந்த இளையோருக்கு ஒரு கிலோவுக்கு 0.75 மில்லிகிராம். 52 கிலோவுக்கு 39 மில்லிகிராம் ஆகிறது. 0.5 மில்லிலிட்டரில் 45 மில்லிகிராம் உள்ள குப்பியிலிருந்து 0.43 மில்லிலிட்டர் எடுக்க வேண்டும். நிரப்பி வரும் சிரிஞ்சில் அளவுக்கோடு இல்லை. அதில் ஒரு பகுதியை ஊகித்துப் போடுவது தவறு. கிரோன் நோய்க் கணக்கு வேறு: முதலில் கிலோவுக்கு ஏறக்குறைய 6 மில்லிகிராம் நரம்பு வழி, பிறகு எட்டு வாரத்துக்கு ஒரு முறை 90 மில்லிகிராம். இரண்டுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். உங்கள் டாக்டர் எதைத் தேர்ந்தெடுக்கிறார், ஏன் என்று கேளுங்கள். கேட்டால் கோபிக்க மாட்டார். நல்ல டாக்டர் அந்தக் கேள்விக்குக் காத்திருப்பார். ஸ்டெலாரா சிரிஞ்சின் ஊசி மூடியில் இயற்கை ரப்பர் உண்டு, கையுறை ஒவ்வாமை இருந்தால் சொல்லிவிடுங்கள். இதற்கு ஒப்பாக வேறு நிறுவனம் செய்யும் இணைமருந்தை வேறு பெயரில் தந்தால் பயப்பட வேண்டாம். ஆனால் பெயரையும் தொகுதி எண்ணையும் எழுதி வையுங்கள், நடுவில் காரணமின்றி மாற்ற வேண்டாம். மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறையக் கூடாது, குலுக்கக் கூடாது. பாலம் தாண்டி எடுத்துப்போக நேர்ந்தால் குளிர்பையில் வையுங்கள், பனிக்கட்டிப் பொதி பெட்டியைத் தொடாமல் நடுவே ஒரு துண்டு மடித்து வைத்து. ஊசியைப் புண்ணுக்கு அருகில் போடாமல் கையிலோ தொடையிலோ வயிற்றிலோ போடச் சொல்லுங்கள்.

போட்ட பிறகு பொறுமை வேண்டும். இந்த மருந்தின் பாதி உடலிலிருந்து வெளியேற ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். சொரியாசிஸ் கணக்கில் போட்டால் ரத்தத்தில் அதன் அளவு நிலைபெற 28ஆம் வாரம் ஆகிறது. ஆகவே நான்காம் வாரம் “ஒன்றும் தெரியவில்லையே” என்பதும் தவறு, “அற்புதம்” என்பதும் தவறு. ஈறின் ரத்தக் கசிவுதான் முதலில் அசையக்கூடியது. கரைந்த எலும்பு திரும்பி வராது, விழுந்த பல்லும் வராது. அதைப் பலனின்மை என்று எண்ணாதீர்கள். 28 என்ற வெள்ளணு எண் இறங்கினால், சுற்று தளர்கிறது என்று பொருள் கொள்ளலாம். ஆனால் எண் இறங்கியும் புண் அப்படியே இருந்தால் அது பலன் ஆகாது; நீங்கள் எண்ணுக்கு அல்ல, புண்ணுக்குத்தான் சிகிச்சை எடுக்கிறீர்கள். எனவே முதல் ஊசிக்கு முன்பே ஒரு தாளில் எழுதிக் கோப்பில் வைக்கச் சொல்லுங்கள்: 28ஆம் வாரம் புண்ணின் பரப்பு பாதியாகக் குறையாவிட்டால், ரத்தம் கசியும் இடங்களும் குறையாவிட்டால், நிறுத்துகிறோம். பாதி என்பது நான் சொல்லும் உதாரணம்; உங்கள் டாக்டர் வேறு அளவு வைக்கலாம். எது என்றாலும் முன்பே எழுதியிருக்க வேண்டும். பின்னால் எழுதினால் ஆசைதான் அளவுகோலைப் பிடிக்கும்.

எப்போது உடனே நிறுத்துவது என்பதும் அதே தாளில் இருக்கட்டும். மருத்துவமனையில் சேர்க்கும் அளவு தொற்று வந்தால், காசநோய் வகைக் கிருமியோ சால்மோனெல்லாவோ கண்டால், அடுத்த ஊசி இல்லை. போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது. முழுதாக வடிய ஏறக்குறைய 15 வாரம் ஆகும். அந்த மூன்றரை மாதத்துக்கு யார் கைப்பேசியை அழைப்பது, நள்ளிரவில் எங்கே போவது என்பது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். 38 டிகிரி காய்ச்சல் என்றால் அன்றே மருத்துவமனை. சீழ் இல்லையே என்று காத்திருக்காதீர்கள். இவனுக்கு எந்தத் தொற்றிலும் சீழ் இருக்காது. அவசரப் பிரிவில் முதலில் பார்க்கும் இளம் மருத்துவருக்கு இந்த நோயின் பெயர் புதிதாக இருக்கலாம். நோய், மருந்து, கடைசி ஊசித் தேதி மூன்றையும் ஓர் அட்டையில் மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதி, அடையாள அட்டையோடு பணப்பையில் வைத்துக் கொடுங்கள்.

வீட்டுப் பக்கம் சில. கோப்பிக் கடையில் அரைவேக்காட்டு முட்டை வேண்டாம். சால்மோனெல்லாவுக்கு அதைவிட எளிய வழி இல்லை. காய்ச்சாத பாலும் வேண்டாம். வயல் சேற்றிலும் வெள்ளத் தண்ணீரிலும் புண்ணோடு இறங்கக் கூடாது. வடக்கே மெலியோய்டோசிஸ் மண்ணிலும் நீரிலும் இருக்கிறது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குக் காவடி எடுக்க அவனுக்கு ஆசை இருந்தால் அலகு குத்துவது மட்டும் ஆகாது, ஊசி போட்டாலும் போடாவிட்டாலும். வெள்ளணு வந்து சேராத துளை அது. பால்குடம் எடுக்கட்டும், செருப்பில்லாமல் கொதிக்கும் தாரில் நடப்பதையும் தவிர்த்து.

ஒன்றை மறந்துவிடாதீர்கள்: இந்த ஊசி சிடி18ஐக் கொண்டுவராது. பெர்ரியின் பலகை மேலேயேதான் இருக்கும்; ஜெட்டியில் ஓயாமல் அலறும் மணியை மட்டும் இது நிறுத்தும். மூலத்தைத் தீர்ப்பது எலும்பு மச்சை மாற்று. அதைப் பற்றிய ஆலோசனையை, ஊசியின் பலன் தெரியட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் பரிந்துரை கேட்கலாம். 8 விழுக்காடு என்பது நடுத்தர வகை. 2 விழுக்காட்டுக்கும் குறைந்தவர்களுக்கு இருப்பது போன்ற அவசரம் இல்லை. ஆகவே மாற்றின் ஆபத்தையும் அதில்லாமல் வாழும் ஆபத்தையும் நிதானமாக எடைபோட இடம் உண்டு. ஊசி போடுவதை அந்தக் குழுவுக்கும் சொல்லுங்கள்.

மாற்று என்றதும் மகள் வருகிறாள். உடன்பிறந்தவர்களின் மச்சை பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு. அவளுக்குப் பொருத்தப் பரிசோதனை செய்யலாம், அவள் மனப்பூர்வமாகச் சம்மதித்தால். அவள் இந்த மரபணுவைச் சுமக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. சுமப்பவருக்கு நோய் வராது. உங்கள் தம்பி சுமக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பாதி. இருவரும் சுமந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒன்று. மூன்றையும் பெருக்கினால், பரிசோதிக்காமல் மணம் முடித்தால், ஒவ்வொரு பேற்றிலும் பன்னிரண்டில் ஒரு வாய்ப்பு இந்நோய்க்கு. தாய்மாமனை மணப்பதை இந்துக்களுக்கு 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் விலக்கவில்லை; சட்டம் இடம் தருகிறது என்பதால் மரபணு இடம் தராது. மகனிடம் எந்த மாற்றம் இருக்கிறது என்பது ஏற்கெனவே அறிக்கையில் இருந்தால், அந்த ஒரே மாற்றத்தை மகளிடமும் தம்பியிடமும் தேடினால் போதும், ஒரு குப்பி ரத்தம். தம்பியிடம் இல்லையென்றால் இந்த நோயைப் பொறுத்தவரை தடையில்லை. இருவரிடமும் இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். பரிசோதனைக்கு முன் தாம்பூலம் மாற்ற வேண்டாம். மகளின் முடிவு எழுதிய தாள் முதலில் மகளின் கைக்குத்தான் போக வேண்டும், உங்கள் கைக்கோ உங்கள் தம்பியின் கைக்கோ அல்ல.